பெரிய கிராணி வேலைக்கு எழுதிய கடுதாசி

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுக்கிற நேரத்தில் பேனா பிடித்து உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? ஐந்தாம் வகுப்போடு ஈப்போ பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். இரண்டு தரப்புக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என் தராசுக் கொட்டகையைத் தேடி வந்துவிட்டார்கள். ஒருவர் ஈப்போ பக்கத்துச் சிலிபினிலிருந்து புறப்பட்டு வந்திருந்தார். மூவரும் கேட்டது ஒன்றேதான்: "அவருக்கு எழுதிக் குடுத்தீங்களாமே, பெரிய கிராணி வேலைக்கு. அதே மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே தடவையாக எழுதி அச்சில் வந்துவிட்டால், இனி வருகிறவர்களிடம் காகிதத்தை நீட்டிவிட்டு நான் என் பாட்டுக்கு ரப்பர் பால் நிறுக்கலாம். இதுதான் காரணம் என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எங்கள் தோட்டத்தில் இரண்டாவது கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். செமோரிலிருந்து மூன்று கல் தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் ஆபீஸ். ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, காலொடிந்த நாற்காலி ஒன்று. ஒரு கட்டில் அவருக்கு, மற்றது எனக்கு. நான் தராசுக் கிராணி. மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலை நிறுத்து எழுதுவது, மத்தியானம் சைக்கிளில் செமோருக்குப் போய்த் தபாலைப் போட்டுவிட்டு வந்த தபாலை எடுத்து வருவது, இடையில் அகப்படுகிறவர்களையெல்லாம் கேலி செய்வது, இவை என் வேலை. கடைசியாகச் சொன்னது மட்டும் துரை கொடுத்ததல்ல.

அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். கண்ணாடி போட்டவர். அதிகம் பேசமாட்டார். நான் பேசுவேன், அவர் சிரிப்பார். அதிலும் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளைக் குலுங்க வைப்பதற்காகவே நான் தராசடியில் நாள் முழுவதும் ஏதாவது சேர்த்து வைத்துக்கொண்டு அறைக்கு வருவேன்.

அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் நாலு நூல் தொங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் மந்திரித்த கயிறு என்று நினைப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த அவருடைய மனைவி அனுப்பியவை அவை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு அவளை விட்டுவிட்டு இவர் கப்பலேறினார். பெண் பிறந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பெண்ணை உச்சியிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்து அளந்து, அறுத்து, கடிதத்தோடு மடித்து அனுப்பிவிடுவாள் அந்த அம்மாள். மகளை இவர் பார்த்ததே இல்லை. நீளம் மட்டும் தெரியும்.

"அண்ணே, ஒங்க மக தபால்லயே வளருது," என்பேன். தோள் குலுங்கும். அப்புறம் கடைசி நூலை விரலால் நீவிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது கிராணிக்கு அறையில் பாதிதான். பெரிய கிராணிக்கு என்றால் தனி வீடு, சமையல்கட்டு, கொல்லையில் நாலு வாழை வைக்க இடம். எங்கள் பெரிய கிராணியோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். இன்னும் இருபது வருஷத்துக்கு அசையமாட்டார். ஆகவே மனைவியையும் மகளையும் வரவழைக்க வேண்டுமென்றால் இவர் வேறு தோட்டத்தில் பெரிய கிராணியாகப் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஒரு நாள் அவரைச் சீண்டுவதற்காகக் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஒளித்து வைக்கப் போனேன். கூட்டுக்குள்ளே, துரை படித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருந்தது.

"என்னாண்ணே, கண்ணாடிக் கூட்டுக்குள்ள காதல் கடுதாசியா?"

"குடுடா அதை."

"பெரிய கிராணி தேவை. சிலிம் ரிவர். நாலு டிவிஷன். வீடு உண்டு." எனக்குப் புரிந்த மட்டும் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். "எத்தன நாளா இத அடைகாக்கிறீங்க?"

"அஞ்சு நாளா." கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார். "நமக்கெல்லாம் கெடைக்குமாடா? நாலு டிவிஷன் லா. எரநூறு முந்நூறு பேர மேய்க்கணும்."

"கேட்டாத்தானே அவன் இல்லன்னு சொல்ல முடியும்? கேக்காம இருந்தா அவனுக்கும் சுசா, நமக்கும் சுசா, ரெண்டு பேருக்கும் தொல்லதான்."

தோள் குலுங்கியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய், கோர்ட்டுப் பக்கம் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஊரில் எல்லாரும் அவரிடம்தான் எழுதி வாங்குவார்கள். அதுதான் கோளாறே.

போன வருஷம் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரெஸ்ஸர் ஒருவர் தேவைப்பட்டார். வந்த மனுக்களைப் பிரித்துத் துரை மேசையில் அடுக்கியது நான்தான். பாதிக்கு மேல் ஒரே ஊதா மை, ஒரே கையெழுத்து, ஒரே வாசகம். பதினாலு பேருக்கு ஒரே மாதிரியாக அருமைத் தகப்பனார் காலமாகியிருந்தார். பதினாலு பேரும் துரையின் பாதத்தில் ஒரே மாதிரி விழுந்து கிடந்தார்கள். துரை இரண்டு வரி படிப்பார், கூடையில் போடுவார். அடுத்ததில் ஒரு வரி படிப்பார், கூடையில் போடுவார். கடைசிக்கு வரும்போது படிக்காமலே போட்டார். ஒரே ஒரு காகிதம் மட்டும் அரைப்பக்கம் இருந்தது. 'நான் இருந்த தோட்டத்தில் குளிர்காய்ச்சல் பரவியபோது ஒரு மாதம் தினமும் கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மருந்து கொடுத்தேன். விழுங்கிவிட்டார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.' துரை அதை இரண்டு தடவை படித்தார். அந்த ஆள்தான் வேலைக்கு வந்தார். இன்றைக்கும் வயிற்றுவலி என்று போனால்கூட முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறார்.

இதைச் சொன்னதும் என் நண்பர் ஈப்போ போகும் யோசனையை விட்டார். "அப்ப நீயும் நானுமே எழுதலாம்," என்றார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். எனக்கு வாய் நன்றாக வரும்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து வந்ததும் முதல் காகிதத்தை எழுதிக் காட்டினார். முதல் பக்கம் முழுக்க அவருடைய தாத்தா.

"வேலை தாத்தாவுக்கா, ஒங்களுக்கா அண்ணே?"

"நல்ல குடும்பம்னு தெரிய வேணாமாடா?"

"நல்ல குடும்பந்தான். தாத்தா உயிரோட இருந்தா அவரையே அனுப்பி வச்சிருக்கலாம்."

இரண்டாவது பக்கத்தில் துரை கொடுத்த சர்டிபிகேட்டை வைத்திருந்தார். வேறு இடத்துக்கு மனுப் போடப் போகிறேன் என்று கேட்டதும் துரை தடையில்லாமல் எழுதிக் கொடுத்தாராம். குடிக்காதவர், நாணயமானவர், சொன்னபடி கேட்பவர். இவ்வளவுதான். இவருக்கு ஏக சந்தோஷம்.

"குதிரைய விக்கிறப்பவும் இதத்தான் எழுதுவாங்க," என்றேன். "கடிக்காது, ஓடாது, நில்லுன்னா நிக்கும். அண்ணே, அவங்க தேடறது குதிரைய இல்ல. ஓட்டறவன."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீயே கேளு," என்றார்.

"அஞ்சு வருஷமா இங்க என்னா செஞ்சீங்க?"

"தொரை சொன்னதச் செஞ்சேன்."

"தொரை சொல்லாதது?"

"சொல்லாததச் செய்யலாமா?"

இவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மறுநாள் தராசடியில் பால் கொண்டுவந்த ஓர் அக்காவைப் பிடித்தேன். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் பயப்படாத நாக்கு அந்த அக்காவுடையது.

"அக்கா, ரெண்டாவது கிராணி என்னா வேலதான் செய்யிறாரு? சொல்லுங்க பாப்போம்."

"ஏன், அவருக்குப் பொண்ணு பாக்கிறியா? அவரு கட்டினவரு லா."

"கேட்டதுக்குச் சொல்லுங்களேன்."

வாளியை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்தார். "சின்னத் தொரை காய்ச்சல்ல விழுந்து கெடந்தாரே, அப்பப் பெரட்டுல பேரு கூப்பிட்டது யாரு? நீயா? நீ பாயிலல்ல கெடந்த. இந்தக் கண்ணாடிக்காரருதான் வெளுக்கிறதுக்கு முந்தியே வந்து நின்னாரு. ஒருத்தர் பேரையும் விடல. புள்ளத்தாச்சிங்கள மேட்டுல இருக்கிற மர நிரைக்கு அனுப்பல. மத்த நாள்ல அனுப்புவாங்க. போதுமா?" வாளியைத் தூக்கித் தராசில் மாட்டினார். "தராசுல வெரல் வைக்கவும் அவருக்குத் தெரியாது. அது ஒனக்குத்தான் தெரியும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வருஷம் பெரிய துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்த சின்னத் துரை மூன்றாம் வாரமே காய்ச்சலில் படுத்தார். பெரிய கிராணி தம்பி கல்யாணத்துக்கு இந்தியாவுக்குப் போயிருந்தார். பத்தொன்பது நாள் தோட்டத்தில் மேலே யாருமே இல்லை. ஆனாலும் காலையில் பெரட்டு நடந்தது, ஆட்கள் நிரைக்குப் போனார்கள், பால் வந்தது, புகையறையில் ரப்பர் ஷீட் காய்ந்தது. அதை ஒரு மனுஷன் நடத்தினான் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. சூரியன் உதிப்பதை யார் கவனிக்கிறார்கள்? சின்னத் துரை எழுந்து உட்கார்ந்ததும் இவர் எல்லாப் புத்தகங்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பிவிட்டார்.

"இதாண்ணே மொத வரி," என்றேன் அன்று மத்தியானம்.

முகம் மாறிவிட்டது. "வேணாம்டா. அத எழுதினா சின்னத் தொரை படுத்துக் கெடந்தாருன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆவும். என்னைய நம்பிக் கண்ண மூடித் தூங்கின மனுசன்."

"அவரப் பத்தி யாரு எழுதச் சொன்னா?"

"பின்ன எப்படி எழுதறது?"

இதற்கு மூன்று மத்தியானம் போனது. கடைசியில் வந்த வரி இது: 'பத்தொன்பது நாள் காலைப் பெரட்டை நான் நடத்தினேன். ஒரு நாளும் நேரம் தவறவில்லை.' அவ்வளவுதான். ஏன் நீ நடத்தினாய், துரை எங்கே போனார் என்று படிக்கிறவர் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த 'நான்' வருவதற்குத்தான் ரொம்பப் பாடு. இவர் 'நடத்தப்பட்டது' என்றே எழுதுவார்.

"யாரு நடத்தினா? பேயா?"

"நான்னு எழுதக் கை வரலடா. தன்னைத் தானே தூக்கிப் பேசற மாதிரி இருக்கு."

"இங்கிலீஷ்ல அது ஒத்தக் குச்சிதானே அண்ணே. ஒரு குச்சிய நட்டு வைக்க இம்புட்டு யோசனையா?"

தோள் குலுங்கியது. குச்சியை நட்டார். நட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

எனக்கு இங்கிலீஷ் பாதிதான் தெரியும் என்பது ஓர் உபகாரமாக முடிந்தது. எனக்குப் புரியாத வார்த்தையை எல்லாம் அடித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டேன். நாலு பக்கம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. தாத்தா போனார். பாதங்கள் போயின. தாழ்மையும் போனது, அவரிடம் நிறைய இருந்ததால் காகிதத்தில் குறைந்தது தெரியவில்லை.

ஆனால் ஒரு வரியில் மட்டும் அவர் என்னை ஜெயித்தார். அந்தப் பத்தொன்பதில் ஒன்பதாவது நாள், முதல் நாள் பெய்த மழையில் மரமெல்லாம் நனைந்திருந்தது. பட்டை ஈரமாக இருந்தால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் விழாமல் மரத்தோடே வழிந்து மண்ணுக்குப் போய்விடும். வானம் வெளுத்திருக்கிறதே என்று இவர் எல்லாரையும் வெட்ட அனுப்பிவிட்டார். அன்றைய பால் அத்தனையும் வீண். அதை அப்படியே எழுதி, 'அது என் தவறு' என்று முடித்திருந்தார்.

"அண்ணே, மாப்பிள்ள பாக்க வந்த எடத்துல யாராச்சும் சொறி இருக்குன்னு காட்டுவாங்களா? வெட்டுங்க அத."

"பதினெட்டு நாளு நல்லாப் போச்சின்னு எழுதிட்டு ஒரு நாள மறைச்சா, அந்தப் பதினெட்டையும் எவன் நம்புவான்?"

"கேக்க மாட்டாங்க லா."

"நாளைக்கு அங்க போயி நாலு டிவிஷனுக்குப் பதில் சொல்லணும். இதையே சொல்ல முடியலன்னா என்னாத்தச் சொல்லப் போறேன்?"

தோற்றுப் பேனாவைக் கீழே வைத்தேன். இது அபூர்வம். வரி நின்றது.

சனிக்கிழமை ஆபீஸ் டைப் மிஷினில் ஒரே பக்கத்தில் அடித்து முடித்தார். மத்தியானம் கவரை என் கையில் கொடுத்தார். "செமோர்ல இன்னிக்கே போட்டுரு. செவ்வாக்கெழமைக்குள்ள போய்ச் சேரணும்."

"போட்டாச்சின்னே நெனச்சிக்குங்க."

செமோர் தபாலாபீசில் தோட்டத்துப் பையைக் கொட்டினேன். என் சட்டைப் பையில் இருந்த கவரை மட்டும் எடுக்கவில்லை. முன்கூட்டி நினைத்துச் செய்ததல்ல. கை அங்கே போனது, நின்றது. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதைப் படிக்கிற துரை கூடையில் போடமாட்டார். போய்ச் சேர்ந்தால் வேலை கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால், எதிர்க்கட்டில் காலி. நாள் முழுவதும் நான் சேர்த்து வைப்பதை யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது?

அறைக்குத் திரும்பியதும் கேட்டார். "போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவரிடம் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் சிரிக்க வைக்க. இது ஒன்றுதான் அப்படியில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் கதவருகே முழங்காலிட்டு இருந்தார். அந்த வருஷத்து நூல், ஐந்தாவது, அந்த வாரம்தான் வந்திருந்தது. ஒரு முனையைத் தரையில் முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கதவோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இங்க பாருடா. போன வருசத்து நூலு இதுக்குக் கீழ நின்னிச்சு. இப்பத் தாழ்ப்பாளுக்கு வந்துட்டா. இனிமே அவளே தொறந்துக்கிட்டு வெளிய ஓடுவா."

அப்புறம் எழுந்து, தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, துருப்பிடித்த அந்தத் தாழ்ப்பாளில் இரண்டு சொட்டு விட்டார். இழுத்தார், தள்ளினார். மறுபடி ஒரு சொட்டு. சின்ன விரலுக்குக்கூட நகர வேண்டும் என்கிற மாதிரி சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தார்.

"இந்த ரூமுக்கு அவ எங்கண்ணே வரப் போறா?"

"வரமாட்டாதான். சும்மா, கை போவுது."

நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கவர் நெஞ்சில் குத்தியது. அன்று முழுவதும் நான் கேலி பேசவில்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை பால் நிறுத்து முடித்ததும் சைக்கிளை எடுத்தேன். செமோரில் போட்டால் ஒரு நாள் சுணங்கும். செவ்வாய்க்குள் போய்ச் சேராது. ஈப்போ ஸ்டேஷனில், தெற்கே போகும் மெயிலுக்கு முன்னால் போட்டால்தான் சேரும். தோட்டத்துத் தபாலைச் செமோரில் இறக்கிவிட்டு, மிதித்தேன். ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சுண்ணாம்பு மலைகள் கூடவே வந்துகொண்டிருந்தன; எவ்வளவு மிதித்தாலும் அதே மலை. ஸ்டேஷன் பெட்டியில் கவரைப் போட்டபோது ரயில் இன்னும் வரவில்லை. வந்து, நின்று, போகிறவரை படியில் உட்கார்ந்திருந்தேன். அது போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கையாலேயே அவரை ஏற்றி அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கடா போன இத்தன நேரம்?"

"டயரு போச்சுண்ணே."

ஒரு வாரத்தில் சிலிம் ரிவரிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டு மறுநாள் வந்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்கண்ணே."

"ரெண்டே கேள்விதான் கேட்டாரு அந்தத் தொரை. பத்தொம்பது நாளு நீ எதுக்குப் பேரு கூப்பிட்டன்னாரு. அப்ப நான் இருந்தேன் துவான்னு மரியாதையாச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அதப் பத்தி வேற கேக்கல."

"ரெண்டாவது?"

"மறுபடி மழ பேஞ்சா என்னா செய்வன்னாரு. வானத்தப் பாக்க மாட்டேன், மரத்தத் தொட்டுப் பாப்பேன்னேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ வெட்டச் சொன்ன வரிடா."

பெரிய வேலைக்கு எழுதக் கேட்டு வருகிறவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே யாரும் இல்லாதபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்களிடம் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், நன்றாகத் திட்டத் தெரிந்தவராகப் பார்த்து. கெடுத்த ஒரு நாளையும் எழுதுங்கள். தாத்தாவை வீட்டிலேயே விடுங்கள். என்னைப் போல ஒருவனிடம் மட்டும் தபாலில் போடக் கொடுக்காதீர்கள்.

அவர் போன அன்று செமோர் ஸ்டேஷனுக்கு நான்தான் அவருடைய பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். ஐந்து நூலையும் விரலில் சுற்றிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். ரயில் நகரும்போது சொல்லவென்று ஒரு கேலியை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தேன். இன்னும் அது என்னிடமே இருக்கிறது.

புதிதாக வந்த இரண்டாவது கிராணி நல்ல மனுஷர். பேசுகிறார், தன் பேச்சுக்குத் தானே சத்தமாகச் சிரித்தும் கொள்கிறார். என் வேலையையும் சேர்த்து அவரே பார்த்துவிடுவதால் நான் சும்மா படுத்திருக்கிறேன். ஆணி அப்படியே இருக்கிறது. அவர் அதில் சட்டையை மாட்டினார். நான் வேறு ஆணி அடித்துக் கொடுத்தேன். தாழ்ப்பாள் இன்னும் சத்தமில்லாமல் நகர்கிறது. யாராவது உள்ளே வந்தால்கூடத் தெரிவதில்லை. தெரியாமல் வந்து நிற்கிறாரோ என்று சில மத்தியானங்களில் திரும்பிப் பார்க்கிறேன்.

செமோரில் பையைப் பிரித்ததும் முதலில் முத்திரைகளைத்தான் பார்ப்பேன், எதிலாவது சிலிம் ரிவர் என்று இருக்கிறதா என்று. மாதத்துக்கு ஒன்று வரும். தேவையில்லாத வார்த்தையை அடித்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்த பாவம், எனக்கு வருவதெல்லாம் ஒரே வரி. 'கப்பல் வந்துவிட்டது.' அடுத்த மாதம், 'நூல் சரியாக இருக்கிறது.' அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதற்கடுத்தது, 'தீபாவளிக்கு வா.' அப்புறம், 'ஏன் வரவில்லை?'

ஏன் போகவில்லை என்றால், அந்த வீட்டு வாசலில் அந்தப் பெண் தாழ்ப்பாளைத் திறந்து என்னைப் பார்ப்பாளே, அதற்காகத்தான். அவளை இரண்டு நாள் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தவன் நான். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் அவர் சோறு போட, நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர முடியாது.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து அவருக்கு அனுப்பினேன். உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், பேர் போடவில்லை, படித்துவிட்டு என்ன சொன்னாலும் சரி என்று எழுதினேன். பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. தினமும் முத்திரைகளைப் பார்த்தேன். நேற்று ஒரு கார்டு வந்தது. வழக்கம்போல ஒரே வரி, பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்:

"கவரு மேல திங்கக்கெழமத் தேதியோட ஈப்போ முத்திரை இருந்தத அந்தத் தொரை மேசையிலேயே பாத்துட்டேன்டா, பேசாம ரயிலேறி வா, ஒன்னய அளக்கணும்னு மக நூலோட நிக்கிறா."